பதினைந்து நிமிடத் தண்ணீர்: ஐ வாஷ், சேஃப்டி ஷவரை ஏன் வாராவாரம் திறந்து பார்க்க வேண்டும்?

சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலை, ஐஸ் ஃபேக்டரி, கல்லூரி வேதியியல் ஆய்வகம் என்று பல இடங்களில் பச்சை அல்லது மஞ்சள் வண்ணம் அடித்த ஒரு கம்பம் நிற்கும். மேலே சேஃப்டி ஷவர், இடுப்புயரத்தில் ஐ வாஷ் எனப்படும் கண் கழுவும் கிண்ணம், அதில் மேல்நோக்கிய இரண்டு சிறு குழாய்கள். ஆசிட்டோ காஸ்டிக்கோ மேலே தெறித்தால் ஓடிப்போய் நிற்க வேண்டிய இடம் அது. ஆடிட்டுக்கு வருகிறவர் அதைத் திறந்து பார்க்கிறார். தண்ணீர் வருகிறது. ஆனாலும் ‘தகுதியில்லை’ என்று அறிக்கையில் எழுதிவிட்டுப் போகிறார். தண்ணீர்தான் வருகிறதே, இன்னும் என்ன வேண்டும் என்று நிர்வாகத்துக்குக் குழப்பம்.

தண்ணீர் வருவது முதல் படி மட்டுமே. எவ்வளவு வருகிறது, எத்தனை நிமிடம் வருகிறது, எவ்வளவு சூட்டில் வருகிறது, எத்தனை நாளாகக் குழாயில் தேங்கியிருந்தது என்பதையெல்லாம் பார்த்தால்தான் அது உயிர்காக்கும் கருவியா, வெறும் கம்பமா என்று சொல்ல முடியும். இதற்குக் காரணம் கண்ணில் இருக்கிறது. அங்கிருந்து தொடங்கலாம்.

கண்ணுக்குள் என்ன நடக்கிறது?

ஆசிட் என்றால் எல்லோருக்கும் பயம் உண்டு. காஸ்டிக், சுண்ணாம்பு, அம்மோனியா என்றால் அந்தப் பயம் கொஞ்சம் குறைவு. இவை மூன்றும் காரம், அதாவது ஆல்கலி. உண்மையில் கண்ணைப் பொறுத்தவரை பெரும்பாலும் காரம்தான் அதிகக் கேடு செய்யும்.

எலுமிச்சைச் சாறு பட்டால் பால் திரிகிறதல்லவா, ஆசிட் செய்வதும் ஏறக்குறைய அதுதான். கருவிழியின் மேற்பரப்பில் உள்ள புரதத்தை உறைய வைக்கிறது. உறைந்த அந்த அடுக்கே ஓரளவு தடுப்பாக நின்று, ஆசிட் மேலும் உள்ளே போவதைத் தாமதப்படுத்துகிறது. ஹைட்ரோஃபுளோரிக் ஆசிட் இதற்கு விதிவிலக்கு, அது காரத்தைப் போலவே ஆழமாக இறங்கும்.

காரம் வேறு வழியில் வேலை செய்கிறது. எண்ணெயில் காஸ்டிக் சோடாவைக் கலந்தால் சோப்பு கிடைக்கிறது. கண்ணில் காஸ்டிக் பட்டால் செல்களின் சவ்விலுள்ள கொழுப்புக்கும் அதே கதிதான். சவ்வு கரைந்து வழி திறக்கிறது, காரம் அடுத்த அடுக்குக்குப் போகிறது, அங்கேயும் கரைக்கிறது. தடுப்பு எதுவும் உருவாவதில்லை. காஸ்டிக் சில நிமிடங்களில் கருவிழியைக் கடந்து கண்ணின் உள்ளறைக்குப் போய்விடும். அம்மோனியா அதைவிட வேகமாக, நொடிக்கணக்கில் ஊடுருவும். அப்புறம் கருவிழியின் ஓரத்தில் இருந்துகொண்டு அதன் மேற்பரப்பைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் ஸ்டெம் செல்கள் அழிந்தால், புண் ஆறினாலும் பார்வை தெளிவாகத் திரும்புவது கடினம்.

சுண்ணாம்பில் இன்னொரு சிக்கல் உண்டு. அதன் துகள்கள் இமைக்கு அடியில் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து காரத்தைக் கசியவிடும். வெற்றிலைக்கு வாங்கும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை கையில் பிதுக்கி விளையாடும்போது கண்ணில் தெறித்துப் பார்வை போன நிகழ்வுகளை இந்தியக் கண் மருத்துவர்கள் பலமுறை பதிவு செய்திருக்கிறார்கள். வீட்டில் ஒரு சிட்டிகைக்கே இந்த நிலை. தோல் ஆலையில் முடி நீக்கும் கட்டத்தில் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் தொட்டி தொட்டியாகப் புழங்குகின்றன.

ஆகவே சேதத்தின் அளவை முடிவு செய்வது பெரும்பாலும் முதல் சில நொடிகள்தான். ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாக வந்தாலும் அந்த நொடிகளுக்குள் வர முடியாது. அந்த நேரத்தில் மருத்துவர் செய்யக்கூடிய முதல் சிகிச்சையும் தண்ணீர் விட்டுக் கழுவுவதுதான். அதை ஆலைக்குள்ளேயே வைத்திருப்பதுதான் இந்தக் கருவி.

தரநிலை சொல்லும் எண்கள்

இந்தியாவில் இதற்கென ஐஎஸ் 10592 என்ற தரநிலை 1982-இல் வெளிவந்தது. ஏற்றுமதி நிறுவனங்களுக்கு வரும் வெளிநாட்டு ஆடிட்டர்கள் அதிகமாகக் கையில் எடுப்பது அமெரிக்காவின் ஆன்சி இசட் 358.1 என்ற தரநிலை. இது முதலில் 1981-இல் வந்தது, 2014-இல் திருத்தப்பட்ட பதிப்பு பரவலாகப் பயன்படுகிறது. அதன் முக்கியமான எண்கள் இவை.

1. ஆபத்து உள்ள இடத்திலிருந்து 10 நொடிக்குள் கருவியை அடைய வேண்டும். தோராயமாக 55 அடி. அதே தளத்தில் இருக்க வேண்டும், வழியில் படியோ தடையோ கூடாது. கடுமையான ஆசிட், காஸ்டிக் கையாளும் இடத்தில் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.
2. ஷவரில் நிமிடத்துக்கு 75.7 லிட்டர், ஐ வாஷில் 1.5 லிட்டர், கண்ணோடு முகத்தையும் கழுவும் வகையில் 11.4 லிட்டர். இவையெல்லாம் குறைந்தபட்ச அளவு.
3. அந்த ஓட்டம் 15 நிமிடம் குறையாமல் நீடிக்க வேண்டும்.
4. வால்வு ஒரு நொடிக்குள் திறக்க வேண்டும், கையை எடுத்த பிறகும் திறந்தே நிற்க வேண்டும். இமைகளை விரித்துப் பிடிக்க இரண்டு கையும் தேவைப்படும் என்பதுதான் காரணம்.
5. தண்ணீரின் வெப்பம் 16 முதல் 38 டிகிரி செல்சியஸுக்குள்.
6. வாரம் ஒருமுறை இயக்கிப் பார்க்க வேண்டும், ஆண்டுக்கு ஒருமுறை முழுமையாக அளந்து பார்க்க வேண்டும்.

10 நொடி என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. அங்கே வேலை செய்கிறவர் கண்ணை மூடிக்கொண்டு, அருகில் ஒருவர் துணையோடு, கருவி வரை நடந்து பார்க்கட்டும். வழியில் நிற்கும் பேரல், தள்ளுவண்டி, தரையில் கிடக்கும் ஹோஸ் எல்லாம் அப்போது காலில் தட்டும். வரைபடத்தில் 30 அடி என்று காட்டும் தூரம் கண் தெரியாதவருக்கு 30 அடியாக இருக்காது.

ஆயிரம் லிட்டர் டேங்க் போதுமா?

நிமிடத்துக்கு 75.7 லிட்டர் வீதம் 15 நிமிடம் ஓடினால் மொத்தம் 1,135 லிட்டர் வேண்டும். மொட்டை மாடியில் வைக்கும் வழக்கமான 1,000 லிட்டர் டேங்க், நிரம்பி வழியும் நிலையில் இருந்தாலும் 13 நிமிடத்தில் காலியாகிவிடும். ஷவரும் கண், முகம் கழுவும் பகுதியும் ஒரே நேரத்தில் ஓடினால் பதினொன்றரை நிமிடம்தான். அதே டேங்கிலிருந்து கழிப்பறைக்கும் குழாய் போகிறது என்றால், விபத்து நடக்கும் நேரத்தில் அதில் எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மின்சாரம் நின்று மோட்டார் ஓடாத நேரமாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

அடுத்தது அழுத்தம். தொட்டி 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் கீழே ஏறக்குறைய 1 பார் அழுத்தம் கிடைக்கும். சேஃப்டி ஷவர் தயாரிப்பவர்கள் பெரும்பாலும் கேட்பது 2 பார். ஒரு மாடிக் கட்டடத்தின் மேல் வைத்த டேங்கில் அதில் பாதிகூட வராது. போதாக்குறைக்கு அரை அங்குலக் குழாயில் இணைத்திருந்தால், ஷவரைத் திறந்ததும் குளியலறைத் தூவல் போலத் தண்ணீர் விழும். உடலில் ஒட்டிய காஸ்டிக்கை அந்தத் தூவல் அடித்துக்கொண்டு போகாது. இதற்கெனத் தனித் தொட்டி, ஷவருக்கு ஒரு அங்குலத்துக்குக் குறையாத குழாய், தேவைப்பட்டால் ஜெனரேட்டர் இணைப்புள்ள பூஸ்டர் பம்ப் ஆகிய மூன்றும் வேண்டும்.

ஓட்டத்தை அளக்க விலையுயர்ந்த மீட்டர் தேவையில்லை. 20 லிட்டர் கொள்ளும் அளவான பாத்திரம் ஒன்றும் ஸ்டாப்வாட்சும் போதும். ஷவர் தண்ணீர் முழுவதையும் ஒரு பிளாஸ்டிக் உறை வழியாக அதில் பிடியுங்கள். 16 நொடிக்குள் நிரம்பினால் அளவு சரி. 25 நொடி ஆனால் குழாயையோ அழுத்தத்தையோ சரிசெய்யும் வரை அது சேஃப்டி ஷவர் இல்லை.

நம் ஊர் வெயில்

16 முதல் 38 டிகிரி என்ற விதியைப் படிக்கும்போது, குளிர்நாட்டில் தண்ணீர் உறைந்துவிடாமல் இருக்க எழுதியது போலத் தோன்றும். கீழ் எல்லை அப்படித்தான். மிகவும் குளிர்ந்த நீரில் யாராலும் 15 நிமிடம் நிற்க முடியாது. நமக்கு முக்கியம் மேல் எல்லை. சூடான நீர் தோலிலும் கண்ணிலும் ரசாயனம் வேலை செய்யும் வேகத்தைக் கூட்டும், ஏற்கெனவே காயப்பட்ட இடத்தை மேலும் புண்ணாக்கும், வலி தாங்காமல் அடிபட்டவர் நீரைவிட்டு விலகியும் விடுவார்.

வேலூர், ராணிப்பேட்டை பக்கம் மே மாதத்தில் நிழலிலேயே காற்றின் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். அப்படியானால் மொட்டை மாடியில் கிடக்கும் கறுப்பு டேங்கிலும், வெயிலில் ஓடும் இரும்புக் குழாயிலும் உள்ள தண்ணீர் என்ன சூட்டில் இருக்கும்? காலை 9 மணிக்குச் சோதித்துவிட்டு ‘வெப்பம் சரி’ என்று எழுதுவது கணக்கில் சேராது. ஆண்டுச் சோதனையை மே மாதத்தில், மதியம் 2 மணி வாக்கில் வைக்க வேண்டும் என்பதே என் கருத்து. அந்த நேரத்தில் தேறினால் ஆண்டு முழுவதும் தேறும்.

சரிசெய்யும் வழிகள் எளிமையானவைதான். டேங்கை நிழலில் வைக்கலாம், வெள்ளை வண்ணம் அடிக்கலாம், குழாயை மண்ணுக்கடியில் கொண்டுபோகலாம், வெளியில் தெரியும் பகுதிக்கு வெப்பத்தடுப்பு உறை சுற்றலாம். அதற்கும் மேல் தேவைப்பட்டால், தண்ணீர் குறிப்பிட்ட சூட்டைத் தாண்டியதும் தானாகத் திறந்து அதை வெளியேற்றும் வால்வுகள் கிடைக்கின்றன.

தேங்கிய தண்ணீர்

முதன்மைக் குழாயிலிருந்து பிரிந்து ஷவர் வரை போகும் கிளையில், யாரும் திறக்காதவரை தண்ணீர் அசையாமல் நிற்கும். வெதுவெதுப்பான, அசையாத நீர் கிருமிகளுக்குப் பிடித்த இடம். அமெரிக்கத் தொழிலகப் பாதுகாப்பு அமைப்பான ஓஷா, சரியாகப் பராமரிக்காத ஐ வாஷ் நீரில் அகந்தமீபா, சூடோமோனாஸ், லெஜியனெல்லா ஆகியவை வளரக்கூடும் என்று எச்சரிக்கிறது. முதல் இரண்டும் கண்ணில் கடுமையான தொற்றை உண்டாக்கும். லெஜியனெல்லா நீர்த்திவலையோடு நுரையீரலுக்குள் போகும். நல்ல கண்ணை விட, ரசாயனத்தால் மேலடுக்கு உரிந்த கண்ணில் தொற்று சுலபமாக ஏறும். காப்பாற்ற வந்த தண்ணீரே இரண்டாவது காயத்தைக் கொடுக்கும் நிலை அது.

கிருமியைத் தவிர இன்னொன்றும் உண்டு: துருவும் உப்பும். திருப்பூர் போல உப்புத்தன்மை மிகுந்த போர் தண்ணீரை இந்தக் கிளைக் குழாயில் விட்டால், ஐ வாஷின் சன்னமான துளைகள் உப்பு படிந்து அடைத்துக்கொள்ளும். முதலில் ஒரு பக்கத்துத் துளை அடைபடும், தண்ணீர் ஒரு கண்ணுக்கு மட்டும் போகும். அப்படியே விட்டால் துருத் துகள்களும் சேர்ந்து கண்ணில் பீய்ச்சும். முடிந்தவரை குடிநீர்த் தரத்துத் தண்ணீரையே இணைக்க வேண்டும்.

வாராந்திரச் சோதனை: என்ன செய்ய வேண்டும்?

1. வழியைப் பாருங்கள். ஒரு வாரத்துக்குள் அங்கே மூட்டையோ பேரலோ வந்து உட்கார்ந்திருக்கும்.
2. கிண்ணத்தில் துளைகளின் மூடிகள் இருக்கின்றனவா, தண்ணீர் வேகத்திலேயே அவை விலகுகின்றனவா என்று பாருங்கள். மூடி இல்லாத துளையில் தூசியும் பூச்சியும் சேரும்.
3. ஒரே தள்ளலில், ஒரே இழுப்பில் திறக்கிறதா? கையை எடுத்த பிறகும் ஓடுகிறதா?
4. இரண்டு துளைகளிலிருந்தும் நீர் சம உயரத்தில் எழுகிறதா? கண்ணைக் குத்தும் வேகம் இல்லாமல், மென்மையாக வருகிறதா?
5. தேங்கிய நீர் முழுவதும் வெளியேறும் வரை ஓடவிடுங்கள்.
6. தேதி, நேரம், குறை, கையெழுத்து. கருவியிலேயே தொங்கும் அட்டையில் எழுதுங்கள்.

ஐந்தாவதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். எத்தனை நிமிடம் ஓடவிட வேண்டும் என்று தரநிலை ஒரு எண் தரவில்லை, காரணம் குழாயின் நீளம் இடத்துக்கு இடம் மாறும். ஒரு அங்குலக் குழாயில் மீட்டருக்கு ஏறக்குறைய அரை லிட்டர் நீர் நிற்கும். கிளை 20 மீட்டர் என்றால் 10 லிட்டர். ஐ வாஷை மட்டும் குறைந்தபட்ச அளவில் திறந்தால், அந்த 10 லிட்டர் வெளியேற 7 நிமிடம் ஆகும். இரண்டுக்கும் பொதுவான குழாய் என்றால் முதலில் ஷவரை 10 நொடி திறந்தால் அதே வேலை முடிந்துவிடும். பிறகு ஐ வாஷை ஒரு நிமிடம் ஓடவிட்டால் போதும். பத்து விநாடி திறந்து மூடிவிட்டு ஐ வாஷில் ‘ஓகே’ போடுகிறவர் கால் லிட்டர் நீரை மட்டும் மாற்றிவிட்டு, மீதிக் குழாய் முழுவதும் பழைய தண்ணீரை விட்டுவிட்டுப் போகிறார்.

சோதனை ஏன் நடப்பதில்லை?

சோதனை செய்யாமலே அட்டையில் டிக் போடுவது பல இடங்களில் நடக்கிறது. சோம்பல் என்று சொல்லி நகர்ந்துவிட்டால் அது மாறாது. பின்னால் நடைமுறைக் காரணங்கள் இருக்கின்றன, அவற்றைத் தீர்த்தால் சோதனை தானாக நடக்கும்.

முதல் காரணம், தரையில் கொட்டும் தண்ணீர். வடிகால் வைக்க வேண்டும் என்று தரநிலை கட்டாயப்படுத்தாததால் பலரும் வைப்பதில்லை. ஒரு நிமிடம் திறந்தால் 75 லிட்டர் தரையில் ஓடும். பக்கத்தில் மின் பலகை இருந்தால் அதுவும் ஆபத்து. அதைத் துடைக்க வேண்டியவர் ஏன் திறக்கப் போகிறார்? புதிதாக அமைக்கும்போதே வடிகால் வைத்துவிடுவது நல்லது. ஏற்கெனவே உள்ள இடத்தில், ஷவர் தலையைச் சுற்றி நீள உறையை மாட்டி, சக்கரம் வைத்த டிரம்மில் பிடிக்கலாம். அந்தத் தண்ணீர் தரை கழுவ உதவும், வீணாகாது. தண்ணீருக்குத் திண்டாடும் ஆலைகளில் இது முக்கியமான சமாதானம்.

இரண்டாவது, மூடிய வால்வு. ஷவர் ஒழுகுகிறது என்று யாரோ மேல்குழாயில் உள்ள வால்வை மூடிவைக்கிறார். பிளம்பர் வரவில்லை. எல்லோரும் மறந்துபோகிறார்கள். இது பயங்கரமான நிலை. கருவி வெளித்தோற்றத்துக்குச் சரியாக இருக்கும், இழுத்தால் ஒன்றும் வராது. அந்த வால்வைத் திறந்த நிலையில் பூட்டிவைக்க வேண்டும். மூட வேண்டுமானால் எழுத்துமூல அனுமதி வேண்டும், அந்த நேரத்தில் அங்கே ரசாயன வேலையும் நிற்க வேண்டும்.

மூன்றாவது, யார் பொறுப்பு என்பது. பராமரிப்புத் துறை பாதுகாப்புத் துறையைக் காட்டும், அது உற்பத்தித் துறையைக் காட்டும். என் பார்வையில், லீவரை இழுக்க வேண்டியவர் அங்கே ஷிஃப்டில் நிற்கும் தொழிலாளிதான். ஒப்பந்தத் தொழிலாளி, இரவு ஷிஃப்ட், பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ போன மாதம் வந்தவர் என்று எல்லோருக்கும் முறை வைத்து வாரம் ஒருவரை இழுக்கச் சொல்ல வேண்டும், பாதுகாப்பு அதிகாரி பக்கத்தில் நின்று பார்த்துக் குறிக்க வேண்டும். கருவி சோதிக்கப்படும், அதே நேரத்தில் பயிற்சியும் நடந்துவிடும். வாழ்க்கையில் ஒருமுறைகூட அந்த லீவரைத் தொடாதவரால், கண் எரியும்போது அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. தமிழில் மட்டும் எழுதிய பலகையும் அவருக்கு உதவாது. பச்சைப் பின்னணியில் வெள்ளைப் படம் போட்ட சர்வதேசக் குறியீட்டை வையுங்கள்.

ஆண்டுச் சோதனையும் பாட்டில்களும்

ஆண்டுக்கு ஒருமுறை அளவுகளையெல்லாம் டேப்பும் தெர்மாமீட்டரும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஷவர் தலை தரையிலிருந்து 208 முதல் 244 செ.மீ. உயரத்துக்குள், இழுக்கும் கைப்பிடி 175 செ.மீ.க்கு மேல் போகாமல், ஐ வாஷ் நீர் 84 முதல் 135 செ.மீ.க்குள். தரையை உயர்த்திக் கான்கிரீட் போட்ட பிறகு இந்த உயரங்கள் மாறியிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

சுவரில் மாட்டும் 500 மில்லி கண் கழுவும் பாட்டில், ஐ வாஷுக்கு மாற்று இல்லை. 1.5 லிட்டர் வேகத்தில் அது 20 நொடிதான் வரும். ஐ வாஷை அடையும் வரை கண்ணை நனைத்துக்கொண்டே போக மட்டும் அது உதவும். காலாவதித் தேதி உண்டு, மூடி திறந்த பாட்டிலைத் திரும்ப வைக்கக் கூடாது. குழாய் இணைப்பில்லாத, தொட்டியோடு வரும் கருவிகளில் தண்ணீரையும் அதில் சேர்க்கும் பாதுகாப்பு மருந்தையும் தயாரிப்பாளர் சொன்ன கால இடைவெளியில் மாற்ற வேண்டும்.

விபத்து நடந்த அந்த நேரம்

1. ரசாயனம் பட்டதும் கண் இறுக மூடிக்கொள்ளும், அது உடலின் இயல்பு. விரல்களால் இமைகளை விரித்துப் பிடித்து, விழியை நாலாபுறமும் சுழற்ற வேண்டும். அடிபட்டவரால் முடியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர், கையுறை போட்டுக்கொண்டு, பிடிக்க வேண்டும்.
2. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் நீர் ஓடும்போதே கழற்ற வேண்டும். அதற்காகக் கழுவுவதைத் தாமதிக்கக் கூடாது.
3. உடலில் பட்டிருந்தால் ஷவருக்குக் கீழே நின்றபடியே உடையைக் களைய வேண்டும். கூச்சத்தால் உடையோடு நிற்பவர்களுக்கு, துணிக்கடியில் தங்கிய ரசாயனம் ஆழமான புண்ணைத் தருகிறது. ஷவரைச் சுற்றி ஒரு திரையும் அலமாரியில் மாற்று உடையும் இருந்தால் இந்தத் தயக்கம் குறையும். பெண்கள் வேலை செய்யும் ஆலைகளில் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும்.
4. உலர்ந்த சுண்ணாம்புத்தூள் உடலில் கொட்டியிருந்தால், முதலில் துடைத்து உதறிவிட்டு, பிறகு நிறைய நீரில் கழுவ வேண்டும்.
5. காஸ்டிக் பட்ட இடத்தில் வினிகர், ஆசிட் பட்ட இடத்தில் சோடா என்று ‘முறிக்க’ முயலக் கூடாது. அந்த வினையில் சூடு பிறக்கும், கழுவும் நேரமும் போகும்.
6. 15 நிமிடம் என்பது குறைந்தபட்சம். காரம் பட்டிருந்தால் அதற்கு மேலும் கழுவ வேண்டியிருக்கும். மருத்துவமனையில் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் தாளைக் கண்ணில் வைத்து, இயல்பு நிலைக்கு வரும் வரை கழுவிக்கொண்டே இருப்பார்கள். எந்த ரசாயனம் என்று அவர்களுக்குத் தெரிய, அதன் பாதுகாப்புத் தகவல் தாளைக் கையோடு கொடுத்தனுப்ப வேண்டும்.

அடிபட்டவர் வண்டியேறியதும், தொட்டியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட லிட்டர் குறைந்திருக்கும். அது நிரம்பும் வரை அந்த ஷவர் காலி ஷவர்தான். தொட்டியை நிரப்பி, மூடிகளை மறுபடி மாட்டி, ஒருமுறை இயக்கிப் பார்த்து, அட்டையில் தேதியும் நேரமும் எழுதிய பிறகே அந்த இடத்தில் பேரலைத் திறக்க வேண்டும்.